ஊசி குத்திய இரவில் எந்த வழி? மலையகச் சுகாதார ஊழியர்களுக்கான ஓர் ஒப்பீடு

இலங்கையின் மலையகத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையிலோ தோட்ட மருந்தகத்திலோ கடமையாற்றும் ஒருவருக்கு நோயாளியின் குருதி பட்ட ஊசி குத்திவிட்டால், அடுத்த சில மணித்தியாலங்களுக்குள் அவர் பல முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை உடனே ஆரம்பிப்பதா, நோயாளியின் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுத்திருப்பதா? விடியும்வரை கடமையை முடித்துவிட்டுப் போவதா, இரவோடிரவாக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ புறப்படுவதா? பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றுவதா, நகரத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றில் யாருக்கும் தெரியாமல் குருதி கொடுத்துப் பார்த்துக்கொள்வதா? வீட்டில் சொல்வதா, மூன்று மாதமும் மனதுக்குள்ளேயே வைத்திருப்பதா? கொழும்பிலோ கண்டி நகரிலோ பணிபுரிபவருக்கு இவற்றில் பாதிக் கேள்விகள் எழுவதேயில்லை. நிபுணரும் ஆய்வுகூடமும் மருந்தும் பெரும்பாலும் ஒரே வளாகத்துக்குள் இருக்கும். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இராகலையிலோ இரவுக் கடமையில் நிற்பவருக்கு ஒவ்வொரு விடையும் பாதையோடும் நேரத்தோடும் பிணைந்திருக்கிறது.

மலைநாட்டு வாட்டுகளில் தாதியாகப் பணிபுரிந்து வந்தவள் என்ற முறையில் இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன். எனது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வேளைக் குளிசையை எவ்வளவு விரைவாக வாயில் போட முடியுமோ அவ்வளவு விரைவாகப் போட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதன்பின் ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். அதைவிட முக்கியமாக, இந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றை ஊசி குத்துவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட முடியும். அப்படி எடுத்து வைக்காமல் இருப்பதுதான் நம்மிடையே உள்ள பெரிய குறை.

ஆபத்தின் அளவு

பயத்துக்கும் ஆபத்துக்கும் இடையே இங்கு பெரிய இடைவெளி இருக்கிறது. ஊசி குத்தியவுடன் எல்லோர் மனதிலும் எழும் பெயர் எச்.ஐ.வி. ஆனால் அந்த வைரஸ் உள்ள நோயாளியின் குருதி பட்ட ஊசி குத்தினாலும், தடுப்பு மருந்து எதுவும் எடுக்காத நிலையில், ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவருக்கே அது தொற்றுகிறது. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் ஆபத்து அதைவிடவும் குறைவு. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் விடயத்தில் முன்பு நூற்றுக்கு இரண்டு என்று சொல்லப்பட்டது. பிற்காலத்து ஆய்வுகள் அதை ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைத்திருக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி மட்டும் வேறு வகை. தடுப்பூசி பெறாத ஒருவருக்கு அது தொற்றும் வாய்ப்பு, நோயாளியின் குருதியில் வைரஸ் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்து, நூற்றுக்கு 6 முதல் 30 வரை போகலாம். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த குருதித் துளியில்கூட, ஏழு நாட்கள்வரை தொற்றும் வல்லமையோடு இருக்கும். மேசை விளிம்பில் காய்ந்துபோன கறையை யாரும் எச்.ஐ.வி போல் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டிய கறை அதுவே.

இந்தக் கணக்குகள் எல்லாம் நோயாளியிடம் அந்த வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லப்பட்டவை. இலங்கையில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி பரவல் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் பி பரவலும் குறைந்த நாடுகளின் வரிசையிலேயே நாம் இருக்கிறோம். ஆகவே பெரும்பாலான ஊசிக் குத்துகள் எதிலும் முடிவதில்லை. இதைச் சொல்வது அசட்டையாக இருக்கச் சொல்வதற்காக அல்ல. பதற்றத்தில் தவறான வழியைத் தேர்ந்துகொள்ளாமல் இருப்பதற்காக.

எல்லாக் குத்தும் ஒன்றல்ல. 1997 இல் வெளியான, பல நாடுகளின் தரவுகளைத் திரட்டிய ஆய்வொன்று, எச்.ஐ.வி தொற்றும் ஆபத்தைக் கூட்டும் காரணிகளாக நான்கைக் கண்டது: காயம் ஆழமாக இருத்தல், கருவியில் குருதி கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல், ஊசி நோயாளியின் நாளத்திலோ நாடியிலோ ஏற்றப்பட்டிருத்தல், நோயாளி நோயின் இறுதிக் கட்டத்தில் இருத்தல். அதே ஆய்வில், சிடோவுடின் என்ற ஒற்றை மருந்தை எடுத்தவர்களிடம் தொற்று ஆபத்து 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்று தருவது மூன்று மருந்துகளின் கூட்டு. எனவே நாளத்தில் கனுலா (மருந்தேற்றும் மெல்லிய குழாய்) போட்டுவிட்டு வெளியே எடுத்த துளையுள்ள ஊசி குத்தியதையும், தையல் ஊசி கையுறையைத் தாண்டி இலேசாகக் கீறியதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. தீர்மானிக்கும் வைத்தியருக்கு அந்த விவரத்தைச் சரியாகச் சொல்வது குத்துப்பட்டவரின் கடமை: எந்த ஊசி, எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம், குருதி தெரிந்ததா.

மலையக வைத்தியசாலைகளில் அதிகம் குத்துப்படுபவர் யார் என்று கேட்டால் பலரும் தாதியர், வைத்தியர் என்பார்கள். கழிவுப் பையை முடிந்து தூக்கிச் செல்லும் சிற்றூழியரை யாரும் முதலில் நினைப்பதில்லை. சேலைன் குழாயோடு சேர்த்துப் பஞ்சுக்குள் சுருட்டி எறியப்பட்ட ஊசி பையின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கும். பாரம் தாங்காமல் பையைத் தொடையோடு அணைத்துத் தூக்கும்போது தொடையில் ஏறும், அல்லது அடியைப் பிடித்த கையில் ஏறும். மெல்லிய இரப்பர்க் கையுறைக்குள் பெருவிரல் நுனியில் சிவப்பு பரவுவது வெளியிலிருந்தே தெரியும். கையுறையைக் கழற்றினால் காயம் கடுகளவுகூட இராது. அந்தப் பெண் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு அடுத்த பையைத் தூக்கப் போய்விடுவாள். அவள் சொன்னால்தானே நமக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறோம். சொன்னால் ஏச்சு விழும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலுதவியில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் நன்றாக அலச வேண்டும். விரலைப் பிதுக்குவதும், வாயில் வைத்து உறிஞ்சுவதும், ஸ்பிரிட்டையோ குளோரினையோ ஊற்றுவதும் பயனில்லாதவை. திசுவைப் புண்ணாக்கித் தீங்கும் செய்யலாம்.

காத்திருப்பதா, ஆரம்பிப்பதா

காத்திருப்பதற்கு ஆதரவான வாதம் வலுவற்றது என்று சொல்ல மாட்டேன். நோயாளிக்கு எச்.ஐ.வி இருக்கும் வாய்ப்பு நம் நாட்டில் மிகக் குறைவு. மருந்து 28 நாட்கள் எடுக்க வேண்டியது. குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் வரலாம். நோயாளியின் குருதியை உடனடிப் பரிசோதனைக் கருவியில் இட்டால் ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். பெரிய வைத்தியசாலையில், பகல் நேரத்தில், அந்த அரை மணி நேரம் காத்திருப்பது முற்றிலும் நியாயமானது.

பிரச்சினை, நமது இடங்களில் அந்த அரை மணி நேரம் அரை மணி நேரமாக இருப்பதில்லை. ஆய்வுகூடம் பிற்பகல் நான்கு மணியோடு மூடப்படுகிறது. குருதி மாதிரி மறுநாள் காலை வாகனத்தில் போகும்; மறுநாள் போயா (பௌர்ணமி விடுமுறை) தினமென்றால் அதற்கும் அடுத்த நாள். இவ்வாறு ‘முடிவு வரட்டும்’ என்று இருக்கும்போதே, மருந்தை ஆரம்பிப்பதற்கு உள்ள 72 மணித்தியாலங்கள் கரைந்துவிடும். அந்த 72 மணித்தியாலம் என்பது சலுகைக் காலமும் அல்ல. அது கடைசி எல்லை. அதற்குள் எந்த நேரமும் ஒன்றுதான் என்று அர்த்தமில்லை. 1998 இல் குரங்குகளில் நடத்தப்பட்ட பரிசோதனையில், வைரஸ் செலுத்தி 24 மணித்தியாலத்துக்குள் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி மருந்தை ஆரம்பித்து 28 நாட்கள் கொடுக்கப்பட்டவை அனைத்தும் தப்பின. 48, 72 மணித்தியாலங்கள் தாமதித்தபோதும், மருந்தை மூன்று அல்லது பத்து நாட்களில் நிறுத்தியபோதும் பாதுகாப்பு முழுமையாக இருக்கவில்லை. வைரஸ் குத்துப்பட்ட இடத்துக் கலங்களில் ஏறி நிணநீர்க் கணுக்களைச் சென்றடைவதற்குள் அதை மறிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. மணித்தியாலக் கணக்கில் தாமதம் ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதற்கும், 28 நாட்களில் ஒரு நாளைக்கூட ஏன் விடக்கூடாது என்பதற்கும் விளக்கம் இந்த ஒரே பரிசோதனையில் இருக்கிறது.

ஆரம்பிப்பதன் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பலர் உணர்வதில்லை. முதல் குளிசையை எடுப்பது 28 நாட்களுக்கும் கையெழுத்துப் போடுவதாகாது. நாளைக்கோ நாளை மறுநாளோ நோயாளியின் முடிவு ‘இல்லை’ என்று வந்தால், அண்மைக் காலத்தில் அவருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று கருதக் காரணம் எதுவும் இல்லாவிடில், வைத்தியர் சொல்ல நிறுத்திவிடலாம். இரண்டு நாள் குமட்டலே இழப்பு. காத்திருந்து, முடிவு ‘ஆம்’ என்று வந்தால், கடந்துபோன மணித்தியாலங்களை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது. ஆகவே, அரை மணி நேரத்துக்குள் நோயாளியின் முடிவைத் தெரிந்துகொள்ள முடியும் என்ற உறுதி இருந்தால் காத்திருங்கள். அந்த உறுதி இல்லையென்றால், வைத்தியர் இது ஆபத்தான குத்து என்று மதிப்பிடும் பட்சத்தில், முதல் வேளையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். கழிவுப் பையில் கிடந்த, யாருடையது என்றே தெரியாத ஊசியென்றால் பரிசோதிக்க நோயாளியே இல்லை. அந்த ஊசியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிச் சிலர் கேட்பதுண்டு. அது நம்பகமான விடை தராது, எடுத்துச் செல்பவருக்கும் ஆபத்து. அந்த வாட்டில் எப்படிப்பட்ட நோயாளிகள் இருந்தார்கள் என்பதை வைத்தே வைத்தியர் தீர்மானிப்பார்.

இங்கேயா, நுவரெலியாவா, கண்டியா

தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் அனுபவம் அங்கே இருக்கிறது. சேவை இலவசம், விவரங்கள் இரகசியமாகப் பேணப்படுகின்றன. ஆக, இறுதியில் அங்கே போகத்தான் வேண்டும் என்பதில் விவாதமில்லை. எப்போது போவது என்பதே கேள்வி.

மருந்து அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் கிடைக்குமானால், உதாரணமாக மஸ்கெலியாப் பக்கத்தில் இருப்பவருக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் கிடைக்குமானால், இரவில் அங்கே போய் முதல் வேளையை எடுத்துவிட்டு, காலையில் சிகிச்சை நிலையத்துக்குப் போவதே சிறந்தது. மழைக் காலத்தில், மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட இரவில், நானுஓயா ஏற்றத்தில் பனிமூட்டத்துக்குள் ஓட்டோவில் போகச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தர மாட்டேன். வைரஸ் தரும் ஆபத்தைவிட அந்தப் பாதை தரும் ஆபத்து பெரிது. வேறொரு நோயாளியை மாற்றி அனுப்பும் அம்புலன்சில் குத்துப்பட்டவரும் ஏறிப் போவது நம்மிடையே நடைமுறையில் உள்ள வழிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொறுப்பு வைத்தியர் ஒரு கடிதமும் ஒரு தொலைபேசி அழைப்பும் தந்தால், போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிராது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் உயிராபத்து அழைப்புகளுக்கானது; இதற்கு அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

மருந்து அருகில் எங்குமே இல்லையென்றால்? அப்போது ஒப்பீடு மாறுகிறது: பாதை பாதுகாப்பாக இருந்தால் உடனே புறப்பட வேண்டும், இல்லையென்றால் முதல் வெளிச்சத்தில். ஆனால் இந்தக் கேள்வியை ஊசி குத்திய பிறகு கேட்பதே தவறு. உங்கள் நிலையத்தில் தொடக்க மருந்து இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வைத்தியசாலையின் எந்தப் பிரிவில் இருக்கிறது, இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி, வாட்டின் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வைக்கலாம். அந்தத் தாளுக்குச் செலவில்லை.

சிறிய நிலையங்களிலும் சில நாட்களுக்கான தொடக்க மருந்தை வைத்திருப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணம், யாரும் பயன்படுத்தாமல் காலாவதியாகிவிடும் என்பது. உண்மைதான், ஆண்டுக்கொரு முறைகூடத் தேவைப்படாமல் போகலாம். ஆயினும் காலாவதிக்கு முன்பே அந்தப் பொதியைப் பெரிய நிலையத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதை வாங்கி வைக்கும் சுழற்சி ஒன்றை மாவட்ட மருந்தாளர் ஒழுங்குசெய்வது இயலாத காரியமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், இம்மருந்தைச் சமூக மட்டத்தில் கிடைக்கச் செய்யவும், வைத்தியரல்லாத பயிற்சி பெற்ற சுகாதார ஊழியரும் அதைத் தரவும் பரிந்துரைத்திருக்கிறது. தன்னந்தனியாக ஒரு தோட்ட மருந்தகத்தை நடத்தும் வைத்திய உதவியாளருக்கு இந்தப் பரிந்துரை பொருந்துவதுபோல் வேறு யாருக்கும் பொருந்தாது.

பதிவதா, மறைப்பதா

மறைப்பவர்களின் காரணங்களை நான் மதிக்கிறேன். சிறிய ஊரில் ஒரு பதிவேட்டில் ஏறிய செய்தி தேநீர் வேளைக்குள் எல்லா வாட்டுக்கும் போய்விடும். பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தின் வாசலில் நிற்பதைப் பக்கத்து லயத்து (தோட்டத் தொடர்வீட்டு) ஆள் பார்த்தால் என்ன சொல்வார் என்ற அச்சம் கற்பனையானதல்ல. ‘ஊசியின் மூடியைத் திரும்பப் போட்டாயா?’ என்ற கேள்வி முதலில் வரும் என்பதும் தெரியும். அதனால் சிலர் நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போய், பணம் கட்டி, எச்.ஐ.வி பரிசோதனை செய்து, ‘இல்லை’ என்ற தாளைப் பார்த்து நிம்மதியடைகிறார்கள். அந்த நிம்மதி பொய்யானது. குத்திய நாளிலோ மறுநாளிலோ எடுத்த குருதி, அதற்கு முன்பு தொற்று இருந்ததா என்பதை மட்டுமே சொல்லும். இன்று நுழைந்த வைரஸைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மருந்துக்கான நேரம் அதற்குள் போய்விடுகிறது.

பதிவதன் பயன் எதிர்காலத்தில்தான் தெரியும். குத்துப்பட்ட அன்றே எடுத்த குருதியில் தொற்று இல்லை என்பது பதிவாகி, பின்னர் தொற்று தெரியவந்தால், அது கடமையில் நேர்ந்தது என்று நிறுவ முடியும். அந்தத் தாள் இல்லாமல் நட்டஈடு கேட்பவர், தனது சொந்த வாழ்க்கையைப் பற்றிய சந்தேகங்களுக்கு விடையளிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். ஒப்பந்த அடிப்படையில் சுத்திகரிப்பு வேலைக்கு வருபவர்களுக்கும் தோட்ட நிர்வாகத்தின் கீழ் உள்ளவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எதையாவது கோர வேண்டுமானால் எழுத்தில் உள்ள சான்றே கைகொடுக்கும். பெயர் வெளியே போகும் என்ற அச்சத்துக்கு நடைமுறை விடை ஒன்று உண்டு. பொதுப் பதிவேட்டில் விபத்து மட்டும் இருக்கட்டும்; பரிசோதனை முடிவுகள் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடமோ பொறுப்பு வைத்தியரிடமோ மூடிய உறையில் இருக்கட்டும். அப்படிக் கேட்பதற்கு ஊழியருக்கு உரிமை இருக்கிறது. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், புரியாமல் கையெழுத்திட வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. மொழிபெயர்க்க யாரை அழைப்பது என்பதைக் குத்துப்பட்டவரே தேர்ந்தெடுக்கட்டும்.

நோயாளியிடம் கேட்கும் முறையிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. வேறு பரிசோதனைக்கென எடுத்த குருதியில் சொல்லாமல் பார்த்துவிடுவது ஒன்று. சொல்லிக் கேட்பது மற்றொன்று. முதலாவது விரைவானது, ஆனால் முறையற்றது. தோட்டத்திலிருந்து வந்திருக்கும் நோயாளி, காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துப் பழகியவராக இருக்கலாம். அந்தப் பழக்கத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. குத்துப்பட்டவர் தாமே போய்க் கேட்பதும் சரியில்லை. வேறொருவர் கேட்க வேண்டும், திரைக்குள், உறவினரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு. “அம்மா, உங்களுக்கு ஊசி போட்ட எங்கள் பிள்ளைக்கு அந்த ஊசி கையில் குத்திவிட்டது. அவளுக்கு மருந்து தேவையா என்று பார்க்க உங்கள் இரத்தத்தைப் பரிசோதிக்க அனுமதி தருவீர்களா? உங்கள் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. முடிவை உங்களுக்கும் சொல்வோம், வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்று அவருடைய பேச்சுத் தமிழில் கேட்டுப் பாருங்கள். மறுப்பவர்கள் மிகச் சிலரே என்பது எனது அனுபவம். பலர் தமக்கு நேர்ந்ததுபோல் பதறி, முதலில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பார்கள். மறுத்தால் வற்புறுத்தாமல், தெரியாத நோயாளி என்ற கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி: முன்பே முடிக்க வேண்டிய விடயம்

மேலே சொன்ன எல்லாக் குழப்பங்களிலும் ஒன்றை மட்டும் முழுமையாக முன்கூட்டியே தீர்த்துவிடலாம். 0, 1, 6 மாதங்களில் மூன்று தடுப்பூசிகள். மூன்றாவதற்கு ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குப் பின், தடுப்பூசியால் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருளான பிறபொருளெதிரியின் அளவைப் பார்க்கும் ஒரு குருதிப் பரிசோதனை. ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருந்தால், ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளியின் ஊசி குத்தினாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. பிற்காலத்தில் அந்த அளவு குறைந்தாலும், உடலின் நினைவாற்றலால் பாதுகாப்பு நீடிக்கிறது.

இதைச் செய்யாதவரின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருக்குத் தடுப்பூசியோடு இமியூனோகுளோபியூலின் (ஆயத்தமான பிறபொருளெதிரி) ஊசியும் தேவைப்படும். இயன்றவரை 24 மணித்தியாலத்துக்குள், பிந்தினாலும் ஏழு நாட்களுக்குள். அது விலை கூடியது. ஒரு பிரதேச வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது. ‘தடுப்பூசி போட்டிருக்கிறேன், ஆனால் அளவு பார்த்ததில்லை’ என்பவர் இடைநடுவில் நிற்கிறார்: ஆரோக்கியமானவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத் தடுப்பூசி பலன் தருவதில்லை, தாம் அதில் ஒருவரா என்பது அவருக்குத் தெரியாது. பலன் தராதவர்களுக்கு இரண்டாவது சுற்று கொடுத்தால் அவர்களில் கணிசமானோருக்குப் பலன் கிடைக்கிறது. ஒரு தடுப்பூசியோடு விட்டுவிட்டவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி 2003 இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே அதற்கு முன் பிறந்த எந்த ஊழியரும் ‘சின்ன வயதில் போட்டிருப்பார்கள்’ என்று நினைத்து இருக்க முடியாது. தாதியருக்கும் வைத்தியருக்கும் பயிற்சிக் காலத்தில் கவனிக்கப்படுகிறது. ஒப்பந்தச் சுத்திகரிப்புப் பெண்கள், தோட்ட மருந்தக உதவியாளர்கள், அம்புலன்ஸ் சாரதிகள், சலவைப் பிரிவினர் விடுபட்டுப் போகிறார்கள். குத்துப்படும் ஆபத்திலுள்ள இவர்களே குறைவாகப் பாதுகாக்கப்படுவது எனக்கு ஆற்றாமையைத் தரும் விடயம். ஒப்பந்ததாரரிடம் ஊழியரை ஏற்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்பது வைத்தியசாலையின் கையில் இருக்கிறது.

ஹெபடைட்டிஸ் சி பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய பின் எடுக்கும் தடுப்பு மருந்தும் இல்லை. எதற்கும் எடுத்து வைப்போம் என்று சிகிச்சை மருந்தை முன்கூட்டியே எடுப்பது பரிந்துரைக்கப்படவில்லை. மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பரிசோதனையும், நான்கு முதல் ஆறு மாதங்களில் பிறபொருளெதிரிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். தொற்று இருந்தாலும் இன்றைய குளிசைகள் நூற்றில் 95 பேருக்கு மேல் அதை முற்றாகக் குணப்படுத்துகின்றன.

28 நாட்கள்

மருந்தைத் தொடர்வது என்று முடிவானால், அதோடு வாழும் விதத்திலும் தெரிவுகள் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்து சேர்ந்த இன்றைய கூட்டு முந்தியதைவிட இலகுவானது. ஆனால் மலையகத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குருதிச்சோகைக்காக இரும்புக் குளிசையும், கல்சியமும் எடுக்கும் பெண்கள் நம் ஊழியர்களில் ஏராளம். வெறும் வயிற்றில் இவற்றைச் சேர்த்து எடுத்தால் டோலுடெக்ராவிர் உடலில் ஏறுவது குறையும். அவற்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்போ ஆறு மணித்தியாலத்துக்குப் பின்போ அதை எடுக்க வேண்டும். அல்லது சாப்பாட்டோடு எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கலாம். அலுமினியமோ மக்னீசியமோ கலந்த வயிற்றெரிவு மருந்துகளுக்கும் இதே கவனம் தேவை; அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்தும் எடுக்கக் கூடாது. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே சிறுநீரகச் செயற்பாட்டையும், ஹெபடைட்டிஸ் பி தொற்று ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஏனெனில் இக்கூட்டிலுள்ள டெனோஃபோவிரும் லமிவுடினும் அந்த வைரஸையும் அடக்குபவை, அத்தொற்று உள்ளவர் 28 நாட்களுக்குப் பின் திடீரென்று நிறுத்தினால் ஈரலழற்சி கிளம்பலாம்.

குளிசையைக் காலையிலா இரவிலா எடுப்பது என்றால், இரவுக் கடமையும் பகல் கடமையும் மாறிமாறி வருபவர் எந்தக் கடமையிலும் மாறாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாலைத் தேநீர் நேரம் பலருக்குப் பொருந்தும். வேலைக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. தொற்று உறுதியாகாத ஒருவர் வழமையான பணிகள் அனைத்தையும் செய்யலாம். தூக்கம் கெட்டுப்போகும் முதல் வாரத்தில் இரவுக் கடமையிலிருந்து விலக்குக் கேட்பது பலவீனமாகாது. பொறுப்புத் தாதி அதைத் தர வேண்டும்.

வீட்டில் சொல்வதா என்பதே பலருக்கு எல்லாவற்றிலும் கடினமான முடிவு. சொல்லாமல் இருப்பதன் வசதி விளங்குகிறது: லயத்து இரண்டு அறைக்குள் மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லோரும் இருக்க, ஒருவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்கும். ஆனால் தொடர் பரிசோதனைகள் முடியும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும், குருதி தானம் செய்யக் கூடாது, கர்ப்பம் தரிப்பதையும் தள்ளிப்போட வேண்டும். காரணம் சொல்லாமல் ஆணுறையைக் கேட்கும் மனைவியைக் கணவன் என்னவென்று நினைப்பார்? எனவே துணைவரிடம் மட்டுமாவது சொல்வதே எனது பரிந்துரை. இயலுமானால் சிகிச்சை நிலையத்துக்கு அவரையும் அழைத்துச் சென்று, அங்குள்ள வைத்தியரைக் கொண்டு சொல்ல வைப்பது இன்னும் நல்லது. வைத்தியரின் வாயிலிருந்து ஆயிரத்துக்கு மூன்று என்ற கணக்கைக் கேட்கும் கணவனின் முகம், அதே கணக்கை அழுதுகொண்டிருக்கும் மனைவி சொல்லும்போது மாறுவதைவிட விரைவாக மாறும். பாலூட்டும் தாய்மார் தாமாகவே பாலை நிறுத்திவிட வேண்டாம். அதை நிலையத்தில் பேசியே தீர்மானிக்க வேண்டும்.

தொடர் பரிசோதனைகள் ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் வரும். நிலையம் சொன்னால் ஆறாவது மாதத்திலும். ஒவ்வொரு முறையும் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போவதென்றால் ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் போகும். நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இரண்டாவது பரிசோதனையோடு நின்றுவிடுவது இதனால்தான். உங்கள் வைத்தியசாலையிலேயே குருதி எடுத்து, பெயருக்குப் பதிலாக நிலையத்தின் இலக்கத்தை இட்டு, வழமையான மாதிரிகளோடு அனுப்ப முடியுமா என்று முதல் தடவை போகும்போதே நிலையத்தில் கேளுங்கள். முடியாது என்றால், பரிசோதனைக்குப் போகும் நாளைக் கடமை நாளாகக் கணிக்குமாறு பொறுப்பு வைத்தியரிடம் எழுத்தில் கேளுங்கள். குத்தியது கடமையில்தான், ஆகவே அந்த நாளும் கடமைக்குரியது.